கணவருக்குப் பணி தருமபுரியில், குடும்பம் அண்ணாமலை நகரில்: மகளின் ஆறாம் வகுப்பை எங்கே தொடங்குவது?

வேட்களத்தாள் | ஏப்ரல் 6, இரவு 10.40

அண்ணாமலை நகரிலும் சிதம்பரத்திலும் பிள்ளைகளை வளர்க்கும் பெற்றோரிடம், நாங்கள் இரண்டு மாதத்துக்குள் எடுத்தாக வேண்டிய ஒரு முடிவைப் பற்றிக் கருத்துக் கேட்க விரும்புகிறேன். என் மகள் ஐந்தாம் வகுப்பை முடிக்கப் போகிறாள். என் கணவர் இங்குள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியராகப் பணியில் சேர்ந்தவர். 2013-ஆம் ஆண்டு அரசு பல்கலைக்கழகத்தின் நிர்வாகத்தை ஏற்றுக்கொண்ட பின்னர், தேவைக்கு மிகையாக இருப்பதாகக் கணக்கிடப்பட்ட ஆயிரக்கணக்கான ஆசிரியர்களும் அலுவலர்களும் மற்ற மாவட்டங்களின் அரசுக் கல்லூரிகளுக்கும் அலுவலகங்களுக்கும் பணிநிரவல் செய்யப்பட்டதை நீங்கள் அறிவீர்கள். அவரும் அவ்வாறே தருமபுரி மாவட்டத்தில் உள்ள ஓர் அரசுக் கல்லூரிக்குச் சென்றார். அப்போது மகளுக்கு இரண்டு வயது. சில ஆண்டுகளில் திரும்பிவிடலாம் என்று நம்பி, அங்கே ஓர் அறையை மட்டும் வாடகைக்கு எடுத்தோம். அந்த அறை இன்றும் அப்படியே இருக்கிறது.

வெள்ளிக்கிழமை மாலை புறப்பட்டு, திருவண்ணாமலை, விழுப்புரம் வழியாகப் பேருந்து மாறி, நள்ளிரவு கடந்து வீடு சேருவார்; ஞாயிறு பிற்பகல் மீண்டும் கிளம்பிவிடுவார். உன் அப்பா எங்கே வேலை பார்க்கிறார் என்று யாராவது கேட்டால், என் மகள் சிறு வயதில் "விழுப்புரம் தாண்டி" என்பாள். இப்போது மாவட்டத்தின் பெயரையே சொல்கிறாள். முன்பு சொன்னதுதான் சரியான விடை என்று எனக்குத் தோன்றும்.

எங்கள் முன் மூன்று வழிகள் உள்ளன. குடும்பத்தோடு தருமபுரிக்குச் சென்றுவிடலாம். அல்லது இங்கேயே இருந்து, மகளை இப்போது படிக்கும் தனியார் பள்ளியிலேயே தொடரச் செய்யலாம். அல்லது இங்கேயே இருந்து, ஆறாம் வகுப்பில் நகரத்து அரசுப் பெண்கள் பள்ளியில் சேர்க்கலாம். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020-ஆம் ஆண்டு வந்தது, மறு ஆண்டே பொறியியல், வேளாண்மை போன்ற படிப்புகளுக்கும் அது விரிவாக்கப்பட்டது. ஆறாம் வகுப்பில் தவறவிட்டால் பிறகு அந்த வாசல் திறக்காது என்பதால்தான் இந்த அவசரம்.

என் மாமனார் எங்களுடன் இருக்கிறார். இதயச் சிகிச்சை பெற்று வருபவர். விடுதி அலுவலகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். இந்த ஊரை விட்டு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். நான் வீட்டில் பத்துப் பிள்ளைகளுக்குத் தனிப்பயிற்சி நடத்துகிறேன், அவ்வளவே என் வருமானம்.

ஊரை விட்டுப் போகவும் மனம் வரவில்லை என்பதை மறைக்க விரும்பவில்லை. மகளுக்கு முதல் சோறு ஊட்டியது சிவபுரிக் கோயிலில். அவள் மிதிவண்டி பழகியது பல்கலைக்கழகச் சாலைகளின் மரநிழலில். மாலையில் ஐந்தாறு பிள்ளைகளாகச் சேர்ந்து திருவேட்களம் கோயில் வரை நடந்துபோய் வருவதற்கு நான் காவல் போக வேண்டியதில்லை. இவற்றை வேறு ஊரில் பணம் கொடுத்து வாங்க முடியாது என்று நினைக்கிறேன். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

தெற்குவீதிக்காரர் | ஏப்ரல் 7, காலை 6.15

சகோதரிக்கு வணக்கம். நான் தேரோடும் வீதிக்குள் எழுதுபொருள் கடையும் புத்தகம் கட்டும் பட்டறையும் வைத்திருப்பவன். இரண்டு பிள்ளைகளின் தந்தை. நீங்கள் எழுதியிருக்கும் மரநிழல் ரயில் பாதைக்குக் கிழக்கே இருப்பது. மேற்கே நாங்கள் வாழ்வது கோயில் ஊரில். இங்கே பிள்ளைகள் மிதிவண்டி பழகுவது, வேனும் ஆட்டோவும் வெளியூர்க் காரும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கும் வீதியில். ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழித் தேருக்கும் வீதி முழுக்க மனிதத் தலையாக இருக்கும்போது, பள்ளிவிட்டு வரும் பிள்ளையைத் தேடிப் பிடிப்பதற்குள் பாதி உயிர் போய்விடும்.

ஆனாலும் எங்கள் அடுப்பும் பல்கலைக்கழகத்தை நம்பித்தான் எரிந்தது. 1979-இல் தொலைதூரக் கல்வி தொடங்கிய பிறகு, தொடர்பு வகுப்புகளுக்கும் தேர்வுகளுக்கும் வருகிறவர்களால் தங்கும் விடுதிகள் நிரம்பும். நகல் எடுக்கும் இயந்திரம் சூடேறி நின்றுவிடும். ஒரே மாதத்தில் நாற்பது ஆய்வேடுகளுக்கு அட்டை கட்டிக் கொடுத்த காலம் என் பட்டறைக்கு உண்டு. பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் இங்குள்ள தொலைதூரப் படிப்புகளின் அங்கீகாரம் குறித்து வெளியிட்ட அறிவிப்பு எங்கள் கடைகளிலும் எதிரொலித்தது. 2021-இல் விழுப்புரத்துப் பல்கலைக்கழகம் இதனோடு இணைக்கப்பட்டு, கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி மாவட்டக் கல்லூரிகள் இதன் கீழ் வந்தன என்பது உண்மைதான். ஆனால் அந்த மாணவர்கள் அவரவர் ஊரிலேயே படிக்கிறார்கள். அவர்களுடைய விடைத்தாள் இங்கே வந்தால் என் கடையில் தேநீர்ச் செலவு கூட நடக்காது.

என் மூத்தவன் கடையைப் பார்த்துக்கொள்கிறேன் என்கிறான். வேண்டாம் என்று பாலிடெக்னிக்கில் சேர்த்திருக்கிறேன். உங்கள் கேள்விக்கு என் விடை, அரசு ஊதியம் எங்கே வருகிறதோ அங்கே குடும்பமும் போய்விடுவது நல்லது என்பதே. தந்தையை மாதத்தில் எட்டு நாள் மட்டும் பார்க்கும் பெண்ணுக்கு மரநிழல் ஈடாகாது.

மாடிவீட்டுச் சொந்தக்காரி | ஏப்ரல் 7, பிற்பகல் 2.30

நான் அண்ணாமலை நகரில்தான் இருக்கிறேன். தெற்குவீதிக்காரர் சொல்வதை ஏற்க முடியவில்லை, ஆனால் வேட்களத்தாள் வரைந்திருக்கும் படமும் பாதிதான் என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்கள் மாடியில் முன்பு ஒரு குடும்பம் குடியிருந்தது, பணிநிரவலில் அவர்கள் போய்விட்டார்கள். அதன் பிறகு மாணவர்களுக்கு விடுகிறோம். குடும்பத்துக்கு விட்டால் ஏழாயிரம் கிடைக்கும் இடத்தில், நான்கு மாணவர்களுக்குத் தலைக்கு இவ்வளவு என்று விட்டால் பத்தாயிரம் கிடைக்கிறது. என் தெருவில் மட்டும் ஆறு வீடுகள் இப்படி மாறிவிட்டன. குடும்பங்கள் குறைந்தால் என்ன ஆகும் என்பது மெதுவாகத்தான் தெரிந்தது. மாலையில் விளையாட என் மகனுக்குத் துணை இல்லை. கீரைக்காரம்மா இந்தத் தெருவுக்கு வருவதை நிறுத்திவிட்டார், ஏனென்றால் மாணவர்கள் கீரை ஆய்ந்து சமைப்பதில்லை. செமஸ்டர் விடுமுறையில் இரவு ஒன்பது மணிக்கே தெரு ஊரடங்கு போட்டதுபோல் ஆகிவிடும்.

மாணவர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. இரவு இரண்டு மணிக்கு வண்டி உறுமும் சத்தத்துக்காகப் பலமுறை சண்டை போட்டிருக்கிறேன். அதே பையன்கள்தான் என் கணவருக்கு விபத்து நேர்ந்தபோது இரத்தம் கொடுத்தார்கள். அவர்களில் இருவர் இன்றும் பொங்கலுக்குத் தொலைபேசியில் பேசுகிறார்கள். வாடகைக்காகக் குடும்பங்களை ஒதுக்கிவிட்டு, பிள்ளைகள் விளையாட ஆளில்லை என்று புலம்பும் எங்களைப் போன்ற வீட்டுக்காரர்கள்தான் குற்றவாளிகள் என்று என் மாமியார் சொல்வார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஓய்வுபெற்றவன்_கிழக்குவாசல் | ஏப்ரல் 8, காலை 5.50

முப்பத்து நான்கு ஆண்டுகள் இங்கே பாடம் நடத்தியவன் என்ற முறையில் எழுதுகிறேன். 1920-இல் ராஜா அண்ணாமலைச் செட்டியார் மீனாட்சி கல்லூரியாகத் தொடங்கியதே 1929-இல் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. ஆசிரியரும் மாணவரும் ஒரே வளாகத்தில் தங்கியிருந்து படிக்கும் உறைவிடப் பல்கலைக்கழகமாக அது அமைந்ததால்தான் அண்ணாமலை நகர் என்ற ஊரே உண்டாயிற்று. ஊர் ஒன்று இருந்து, அதில் கல்லூரி வந்து சேரவில்லை. கல்லூரிக்காக ஊர் வந்தது. ஆகவே கல்லூரியின் சம்பளப் பட்டியல் சுருங்கும்போது ஊரின் குடும்ப அட்டைகளும் சுருங்குகின்றன என்பதில் வியப்பில்லை.

இவ்வூரின் வாழ்க்கை எப்போதும் அமைதியாக இருந்ததாக இளையவர்கள் எண்ணிக்கொள்ள வேண்டாம். 1965 ஜனவரி 27-ஆம் நாள் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் துப்பாக்கிச் சூட்டில் இராசேந்திரன் என்ற மாணவர் உயிர் நீத்தார். அவர் சிலையைக் கடந்துதான் நாம் தினமும் போய்வருகிறோம். வேலைநிறுத்தம், காலவரையற்ற விடுமுறை, இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் விடுதியைக் காலி செய்யும்படி ஆணை என்பவை எங்கள் பிள்ளைகளுக்கு மழைக்கால விடுமுறையைப் போலப் பழக்கமானவை. விடுதி காலியாகும் நாளில் ரயில் நிலையம் வரை பெட்டி தூக்கிச் செல்லும் அண்ணன்மாரை வேடிக்கை பார்க்க என் மகன் வாசலில் உட்கார்ந்துகொள்வான்.

இடையில் ஒரு செய்தி. தில்லையில் இரவு தங்குவதற்குக் கூசிய திருஞானசம்பந்தர் திருவேட்களத்தில் தங்கிக்கொண்டு, அங்கிருந்து தில்லைக்குப் போய்வந்ததாகச் சேக்கிழார் பாடுகிறார். குடியிருப்பு ஓரிடம், கடமை வேறிடம் என்று இந்த ஊரில் வாழ்ந்த முதல் ஆள் அவராகத்தான் இருக்க வேண்டும். ஆனால் அவருக்கு மூன்று கிலோமீட்டருக்குள் முடிந்தது, உம் கணவருக்கு விழுப்புரம் தாண்ட வேண்டியிருக்கிறது.

என் இரு பிள்ளைகளும் இந்த வளாகத்தின் நூலகத்திலேயே வளர்ந்தார்கள்; ஒருவன் சென்னையில் இருக்கிறான், ஒருத்தி வெளிநாட்டில். எட்டு அறை வீட்டில் நானும் என் மனைவியும் இரண்டு அறைகளைப் பயன்படுத்துகிறோம். அம்மா, நீங்கள் போனாலும் இருந்தாலும் உங்கள் மகள் பதினேழு வயதில் இந்த ஊரை விட்டுப் போகத்தான் போகிறாள். அதுவரை உள்ள ஏழு ஆண்டுகளை எப்படிச் செலவிடுவது என்பதே கேள்வி.

இரவுப்பணி | ஏப்ரல் 8, காலை 9.20

இப்போதுதான் வேலை முடிந்து வந்தேன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். நான் மருத்துவமனையில் செவிலியர். வேட்களத்தாளின் மாமனார் இங்கேயே இருப்பதற்கு ஆதரவாக ஒரு வாக்கு.

இங்குள்ள மருத்துவக் கல்லூரி 1985-இல் ராஜா முத்தையா பெயரில் தொடங்கப்பட்டது. அரசு நிர்வாகத்தின் கீழ் வந்த பிறகும் எம்.பி.பி.எஸ். கட்டணம் ஆண்டுக்கு ஐந்து லட்சத்துக்கும் மேலாக இருந்தது. அதை எதிர்த்து மாணவர்கள் 2020 டிசம்பரிலும் 2021 ஜனவரியிலும் வாரக்கணக்கில் போராடினார்கள். அதன்பின் மருத்துவக் கல்லூரி சுகாதாரத் துறைக்கு மாற்றப்பட்டு, கடலூர் மாவட்டத்துக்கான அரசு மருத்துவக் கல்லூரியாக ஆயிற்று. கட்டணமும் மற்ற அரசுக் கல்லூரிகளைப் போல் பதின்மூவாயிரத்துச் சொச்சத்துக்கு இறங்கியது. மாவட்டத் தலைநகரம் கடலூர், அதன் பெயர் தாங்கிய மருத்துவக் கல்லூரி இருப்பதோ நம் ஊரில். காட்டுமன்னார்கோயில், புவனகிரி, பரங்கிப்பேட்டை மட்டுமல்லாமல் சீர்காழிப் பக்கத்திலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். கூட்டம் பெரிது. வெளிநோயாளர் சீட்டுக்குக் காலையில் சீக்கிரம் வர வேண்டும். ஆனால் நெஞ்சுவலி வந்த முதியவரைப் பத்து நிமிடத்தில் இங்கே கொண்டுவந்து சேர்க்க முடியும் என்பதை, மாமனாரை ஊர் மாற்றும் முன் நினைத்துப் பாருங்கள். அவருடைய பழைய மருத்துவக் குறிப்புகள் முழுதும் இங்கேதான் இருக்கின்றன.

எனக்கும் இரண்டு பிள்ளைகள். நான் இரவுப் பணிக்குப் போகும் நாட்களில் பெரியவள் சின்னவனைத் தூங்க வைப்பாள். நான் வீடு திரும்பும்போது அவர்கள் பள்ளிக்குப் போய்க்கொண்டிருப்பார்கள். மேம்பாலத்தின் சரிவில் எதிரெதிராகச் சந்தித்துக் கையசைத்துக்கொள்வோம். சில வாரங்களில் எங்கள் குடும்பம் ஒன்றுகூடும் இடம் அதுதான்.

கரும்பலகை | ஏப்ரல் 8, இரவு 8.05

நான் அரசுப் பள்ளி ஆசிரியர். 7.5 விழுக்காடு பற்றிச் சில தெளிவுகளைச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இந்த ஊரில் பலர் தவறாகப் புரிந்துகொண்டு பிள்ளைகளைச் சேர்க்கிறார்கள்.

அரசு உதவி பெறும் பள்ளிகள் இந்த ஒதுக்கீட்டில் அடங்காது. கட்டணம் குறைவு, ஆசிரியருக்கு அரசே ஊதியம் தருகிறது, ஆகவே அதுவும் அரசுப் பள்ளிதான் என்று நினைத்துப் பன்னிரண்டாம் வகுப்பில் வந்து அழுத பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன். இரண்டாவதாக, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை படித்துவிட்டு, ஒன்பதாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கும் அதில் இடம் உண்டு. உங்கள் மகள் கட்டணம் செலுத்திப் படிப்பவள் என்றால் அது பொருந்தாது. மூன்றாவதாக, மருத்துவத்துக்கு ஒதுக்கீடு இருந்தாலும் நீட் தேர்வில் தகுதி பெற்றாக வேண்டும்.

இவை விதிமுறைகள். நான் உண்மையில் சொல்ல வந்தது வேறு. பத்து வயதுப் பெண் மருத்துவராக விரும்புகிறாளா என்பதை எங்கும் நீங்கள் எழுதவில்லை. ஒதுக்கீட்டுக்காக மட்டும் எங்களிடம் வருகிற பெற்றோர், பெஞ்சு சரியில்லை, கழிப்பறை சரியில்லை, கூடப் படிக்கும் பிள்ளைகள் சரியில்லை என்று ஆறு மாதத்தில் திரும்பிப் போய்விடுகிறார்கள். அந்தக் கடைசிக் குறையைச் சொல்லும்போது அவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வதையும் கவனித்திருக்கிறேன்.

வேட்களத்தாள் | ஏப்ரல் 8, இரவு 11.10

கரும்பலகை ஐயாவின் கடைசிப் பத்தி சுட்டது. மகளிடம் கேட்டேன். மருத்துவமனை வாடை பிடிக்காது என்றும், மீன்களைப் பற்றிப் படிக்கப் போகிறேன் என்றும் சொன்னாள். பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்று முகத்துவாரத்தில் உள்ள கடல் உயிரியல் மையத்துக்குப் பள்ளியிலிருந்து ஒருமுறை அழைத்துச் சென்றார்கள், அதன் விளைவு. கண்ணாடிக் குடுவையில் இருந்த ஏதோ ஒரு மீனின் பல்லைப் பற்றி இன்னமும் பேசுகிறாள்.

ஆகவே ஒதுக்கீடு என்ற காரணத்தை இப்போதைக்கு ஓரமாக வைக்கிறேன். ஆனால் அரசுப் பள்ளி என்ற எண்ணத்தை விடவில்லை. தனியார் பள்ளிக் கட்டணமும், தருமபுரி அறை வாடகையும், வாராவாரம் பேருந்துச் செலவும் சேர்ந்தால் ஒரு மாதம் கூட மிச்சம் பிடிக்க முடிவதில்லை என்பது நான் முதலில் எழுதாமல் விட்ட காரணம். வெட்கத்தால் விட்டேன்.

தெற்குவீதி அண்ணனுக்கு: மாதத்தில் எட்டு நாள் என்று நீங்கள் கணக்குப் போட்டதை என் கணவரிடம் காட்டினேன். தூங்கும் நேரத்தைக் கழித்தால் நான்குதான் என்றார்.

கான்சாகிபு கரை | ஏப்ரல் 9, காலை 7.45

எல்லாரும் படிப்பைப் பற்றியே பேசுகிறீர்கள். கார்த்திகை மாதத்தை மறந்துவிட்டீர்கள். நாங்கள் இருப்பது தாழ்வான பகுதி. வடக்கே வெள்ளாறும் தெற்கே கொள்ளிடமும் மேற்கே வீராணம் ஏரியும் இருக்க, நடுவே உள்ள இந்த ஊரிலிருந்து மழைத் தண்ணீர் கான்சாகிபு வாய்க்கால் போன்ற வடிகால்கள் வழியாகத்தான் கடலுக்குப் போக வேண்டும். கடல் ஏற்றத்தில் இருந்தால் அது வாங்கிக்கொள்ளாது. 2020 டிசம்பரில் புரெவிப் புயல் மழையில் நடராசர் கோயிலுக்குள்ளேயே தண்ணீர் புகுந்ததைப் பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள். எங்கள் வீட்டில் மூன்று நாள் கட்டில் மேல் அடுப்பு வைத்துச் சமைத்தோம். பிள்ளைகளின் பாடப்புத்தகங்களை அரிசி டிரம்முக்குள் போட்டு மூடிவைத்தோம், அரிசி மாடிவீட்டுக்குப் போயிற்று.

அரசுப் பள்ளிக்குப் போவதென்றால் வழியைப் பாருங்கள். மழைக்காலத்தில் அண்ணாமலை நகரிலிருந்து நகருக்குப் போகும் பாதையில் எந்த இடத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும் என்பதைப் பிள்ளைக்கு இப்போதே காட்டிக் கொடுங்கள். பள்ளத்தைச் சாலைப் பணியாளர்களை விட என் மகனுக்கு நன்றாகத் தெரியும்.

மிதிவண்டிப்பெண் | ஏப்ரல் 10, மாலை 6.30

அக்காவுக்கு வணக்கம். நான் பெற்றோர் இல்லை, பிள்ளை. வயது இருபத்தொன்று, இப்போது சென்னையில் படிக்கிறேன். இந்த விவாதத்தை என் அம்மாதான் அனுப்பிவைத்தார். நீங்கள் அனைவரும் பெரியவர்களின் பக்கத்திலிருந்து எழுதுவதால், அந்தப் பெண்ணின் இடத்தில் இருந்த ஒருத்தி எழுதலாம் என்று நினைத்தேன்.

என் அப்பா பல்கலைக்கழகத்தில் அலுவலக ஊழியர். நான் எட்டாம் வகுப்புப் படிக்கும்போது அவரைத் தென் மாவட்டத்தில் ஓர் அரசு அலுவலகத்துக்குப் பணிநிரவல் செய்தார்கள். நானும் அம்மாவும் தம்பியும் இங்கேயே இருந்தோம். அப்பா இல்லாததால் நான் கஷ்டப்பட்டேன் என்று நீங்கள் எதிர்பார்க்கலாம், ஆனால் உண்மையில் ஓராண்டுக்குள் எங்களுக்குப் பழகிவிட்டது. சிக்கல் அப்பா வரும் நாட்களில்தான். தொலைக்காட்சியின் ஒலியைக் குறைப்போம். அவருக்குப் பிடித்த கத்தரிக்காய் கொத்சுவை அம்மா செய்வார். விருந்தாளிக்கு எடுக்கும் தம்ளரில் காப்பி கொடுப்பார். அப்பா ஏதாவது கண்டித்தால், எங்கள் வீட்டு வழக்கம் தெரியாமல் பேசுகிறாரே என்று எனக்குக் கோபம் வரும். ஒருநாள், "இங்கே இப்படித்தான் அப்பா" என்று சொல்லிவிட்டேன். அவர் ஒன்றும் பேசவில்லை. அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை மதிய வண்டிக்குப் பதிலாகக் காலை வண்டிக்கே கிளம்பிவிட்டார்.

பத்தாம் வகுப்பு விடுமுறையில் அம்மா எங்களை அவர் இருக்கும் ஊருக்கு அழைத்துப் போனார். ஒற்றை அறை; ஒற்றை அடுப்பு; கொடியில் இரண்டு சட்டை. சுவரில் என்னுடைய எட்டாம் வகுப்பு கால அட்டவணையை ஒட்டி வைத்திருந்தார். நான் எந்த மணிக்கு எந்தப் பாடத்தில் இருப்பேன் என்று பார்த்துக்கொள்வாராம். வகுப்பு இரண்டு மாறியும் புதிய அட்டவணையை நாங்கள் யாரும் அவருக்குக் கொடுக்கவில்லை. அதன் பிறகு ஒவ்வொரு விடுமுறையிலும் ஒரு வாரமாவது அங்கே போனோம். அவர் வீட்டில் நாங்கள் விருந்தாளிகள். அவர் சமைத்துப் போட்டார்.

ஆகவே போவதா இருப்பதா என்று முடிவெடுக்கும் முன், மே மாதத்தில் பத்து நாளாவது மகளை அங்கே கொண்டுபோய் வைத்திருங்கள் அக்கா. அவளே ஊரையும் பள்ளியையும் பார்க்கட்டும்.

ஓய்வுபெற்றவன்_கிழக்குவாசல் | ஏப்ரல் 10, இரவு 9.00

கால அட்டவணை பற்றி இந்தப் பெண் எழுதியதைப் படித்துவிட்டு என் மனைவியிடமும் படித்துக் காட்டினேன். உம் தந்தை இப்போது திரும்பிவிட்டாரா அம்மா?

மிதிவண்டிப்பெண் | ஏப்ரல் 10, இரவு 9.40

இல்லை ஐயா. அங்கிருந்தே ஓய்வு பெற்றுவிடுவார் போலிருக்கிறது. தம்பி அங்கே பாலிடெக்னிக்கில் சேர்ந்து அவருடன் இருக்கிறான். வீட்டில் அம்மா மட்டும் இருக்கிறார்.

மாடிவீட்டுச் சொந்தக்காரி | ஏப்ரல் 11, காலை 10.15

ஒரு தகவல். எங்கள் மாடியில் இருக்கும் மாணவர்கள் மே மாதம் படிப்பை முடித்துக் காலி செய்கிறார்கள். இம்முறை குடும்பத்துக்கே விடுவது என்று நேற்று மாமியாரும் நானும் முடிவு செய்திருக்கிறோம். பிள்ளைகள் உள்ள குடும்பமாக இருந்தால் முன்பணத்தைக் குறைத்துக்கொள்வோம். யாருக்காவது தேவைப்பட்டால் எழுதுங்கள்.

வேட்களத்தாள் | மே 28, இரவு 10.05

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. மாமனாரை நாத்தனார் வீட்டில் விட்டுவிட்டு, பன்னிரண்டு நாட்கள் தருமபுரியில் இருந்துவிட்டு வந்தோம். வெயில் அதிகம், ஆனால் இரவில் நம் ஊரைப் போல் புழுக்கம் இல்லை. கணவர் வேலை பார்க்கும் கல்லூரியில் தேர்வுக் காலம் என்பதால் அவர் பகலெல்லாம் வெளியே இருந்தார். ஆனாலும் பன்னிரண்டு நாட்களும் இரவு உணவை மூவரும் சேர்ந்து சாப்பிட்டோம். இது எங்களுக்குப் புதிது. ஏழாம் நாள் இருவரும் சண்டை போட்டோம், அதுவும் புதிது. வார இறுதியில் சண்டை போட நேரம் இருந்ததில்லை.

மகளுக்கு ஒரு பள்ளியைக் காட்டினோம். நன்றாகத்தான் இருக்கிறது என்றாள். பக்கத்து வீட்டில் ஒரு தோழியும் கிடைத்துவிட்டாள். எல்லாம் சேர்ந்து வருகிறதே என்று நான் நினைத்திருந்தபோது, தாத்தா இரவில் மாத்திரை போட்டாரா என்று தொலைபேசியில் கேட்டுவிட்டு, அவரை விட்டுவிட்டு வர முடியாது என்று அவளே சொல்லிவிட்டாள். இரவுப்பணி சகோதரி சொன்னதைப் போல அவருடைய சிகிச்சை இங்கே இருப்பதுதான் எங்களுக்கும் பெரிதாகப் பட்டது.

இப்போதைக்கு இப்படி முடிவு செய்திருக்கிறோம். நாங்கள் இங்கேயே இருக்கிறோம். மகளை நகரத்து அரசுப் பெண்கள் பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர்க்கிறோம். ஒதுக்கீடு கிடைத்தால் நல்லது, மீன் படிக்கப் போனாலும் நல்லது. மிச்சமாகும் கட்டணப் பணத்தில், மாதத்தில் ஒரு வார இறுதியில் நாங்கள் தருமபுரி போவோம், மற்ற வாரங்களில் அவர் வருவார். கடலூர், விழுப்புரம் மாவட்டக் கல்லூரிகளில் எங்கேயாவது இடம் கிடைக்குமா என்று மீண்டும் விண்ணப்பித்திருக்கிறார். இதற்கு முன் எத்தனை முறை விண்ணப்பித்தார் என்று நான் எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

பள்ளி தொடங்குவதற்கு முன்பே கால அட்டவணை எப்போது தருவார்கள் என்று மகள் கேட்கிறாள். இங்கே எழுதப்பட்டதை அவளுக்குப் படித்துக் காட்டியது தவறா என்று தெரியவில்லை.

தெற்குவீதி அண்ணன் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நம்புகிறேன். ஒரு சிறு உதவியும் தேவை. அவளுடைய பழைய மிதிவண்டி குட்டையாகிவிட்டது. மேம்பாலம் ஏறி இறங்கும்படி சற்று உயரமான, பழைய வண்டி விலைக்கு இருந்தால் யாராவது சொல்லுங்கள்.

தெற்குவீதிக்காரர் | மே 29, காலை 6.05

கோபம் ஒன்றும் இல்லை. என் கணக்குப்படி நீங்கள் செய்வது தவறு, ஆனால் என் கணக்கில் மாமனார் இல்லை. பாடநூல்களுக்கு அட்டை போட்டுத் தருகிறேன், பிள்ளையைக் கடைக்கு அனுப்புங்கள். மேம்பாலத்தில் காலை எட்டே முக்கால் மணிக்குக் கல்லூரிப் பேருந்துகள் வரிசையாக வரும். அதற்கு முன் கடந்துவிடச் சொல்லுங்கள். ஏறும்போது இறங்கித் தள்ளிக்கொண்டு போகட்டும்.

மிதிவண்டிப்பெண் | மே 29, காலை 8.20

அக்கா, என் வண்டி எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில்தான் நிற்கிறது. பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுத்தது. விலை எல்லாம் வேண்டாம். பின் டயர் மாற்ற வேண்டியிருக்கும், சங்கிலிக்கு எண்ணெய் போட வேண்டும். அம்மா மாலை ஐந்து மணிக்கு மேல் வீட்டில் இருப்பார். தனி செய்தியில் முகவரி அனுப்புகிறேன். போகும்போது மகளையும் அழைத்துப் போங்கள், அம்மாவுக்குப் பேச ஆள் கிடைக்கும்.